பங்கு பிறந்த இடம்: லண்டனா, ஆம்ஸ்டர்டாமா?

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1600 டிசம்பர் 31 அன்று முதலாம் எலிசபெத் அரசியின் சாசனத்தோடு லண்டனில் தோன்றியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602 மார்ச் 20 அன்று உருவானது. பலரிடம் முதல் திரட்டித் தொழில் நடத்தும் முறைக்கு இரண்டையுமே முன்னோடிகள் என்பார்கள். ஆனால், போட்ட பணம் என்னவாகும் என்ற கேள்விக்கு அவை தந்த விடைகள் வேறு வேறு.

லண்டனில் தொடக்கத்தில் ஒவ்வொரு கடற்பயணத்துக்கும் தனிக்கணக்கு. கப்பல்கள் திரும்பி, கொண்டுவந்த மிளகு விற்றதும், முதலையும் லாபத்தையும் பிரித்துக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். அடுத்த பயணத்துக்கு மறுபடியும் வசூல். 1613-இலிருந்து பல பயணங்களுக்குச் சேர்த்து முதல் திரட்டினாலும், பிரித்துக் கொடுக்காமல் வைத்திருக்கும் நிலையான முதல் 1657-இல்தான் வந்தது.

டச்சுக்காரர்கள் ஆறு நகரங்களில் ஏறத்தாழ 64 லட்சம் கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) திரட்டினார்கள். அதில் பாதிக்கு மேல் ஆம்ஸ்டர்டாமில் 1143 பேர் போட்டது. பதிவு நடந்தது இயக்குநர் டிர்க் வான் ஓஸின் வீட்டில். அவ்வீட்டுப் பணிப்பெண் நீல்ட்கன் கொர்னேலிஸும் தன் பெயரில் 100 கில்டர் எழுதிவைத்தார். பத்தாண்டு முடிவில், 1612-இல், கணக்கை முடித்துப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது சாசனம், அது நடக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே பணம் கம்பெனியில் தங்கிவிட்டதால், வெளியேற விரும்பியவருக்குத் தன் பங்கை இன்னொருவருக்கு விற்பது ஒன்றே வழியாயிற்று. கம்பெனியின் பேரேட்டில் பெயர் மாற்றினால் கைமாற்றம் முடிந்தது. கையில் இல்லாத பங்கை விற்று விலையை வீழ்த்தும் வேலையை 1609-லேயே ஐசக் லெ மேர் என்ற வணிகரும் கூட்டாளிகளும் செய்ததும், மறு ஆண்டே அதற்குத் தடை வந்ததும் அந்தச் சந்தை எவ்வளவு விரைவாக முதிர்ந்தது என்பதைக் காட்டுகின்றன. ஆகவே, பங்கு பிறந்த இடம் ஆம்ஸ்டர்டாம் என்பதே என் முடிவு.

பங்குதாரர் என்ற உரிமையாளர் பிறந்த இடம் அதுவன்று. லண்டனில் உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்தில் கூடி ஆளுநரையும் நிர்வாகக் குழுவையும் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் கணக்கைப் பார்க்கும் உரிமைகூட இல்லை. 1610-இல் வந்த முதல் லாபப் பங்கும் பணமாக வராமல் ஜாதிபத்திரியாக வந்தது. பொறுமை இழந்த முதலீட்டாளர்கள் 1622-இல் துண்டறிக்கைகள் வெளியிட்டுக் கணக்குக் கேட்டார்கள். மறு ஆண்டு, பெருந்தொகை போட்டவர்களுக்கு மட்டும் ஓரளவு கண்காணிப்பு உரிமை கிடைத்தது. நூறு கில்டர் போட்டவர்களுக்கு அதுவும் இல்லை.