பெட்டியில் ‘ஸ்லோ சிங்க்’, தண்ணீரில் செங்கல்: லூர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் சேலத்தில் ஒரு கடையில் இரண்டு ஸ்விம்பெய்ட் வாங்கினேன். மீன் மாதிரி நீந்துகிற பெரிய லூர், அதாவது தூண்டிலில் கட்டி வீசுகிற பொய்மீன். ஒன்று 2,900 ரூபாய். கூடவே 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்) என்று ஒரு ஸ்பூல், 850. ஆக மொத்தம் 6,650. முதல் லூர் மூன்றாவது வீச்சிலேயே மேட்டூர் தண்ணீருக்கடியில் போய்விட்டது. இரண்டாவதை நான் அணையில் வீசவே இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன். புகார் போய்க்கொண்டிருப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. கமென்ட்டிலும் கேட்காதீர்கள்.

கரையிலிருந்து தூண்டில் போடுகிறவர்களுக்குத்தான் இது. படகில் இருக்கிறவன் லூர் தண்ணீருக்கடியில் எதிலாவது மாட்டினால் நேர் மேலே போய் நின்று எடுத்துவிடுவான். நமக்கு அந்த வழி இல்லை. மாட்டினால் கையில் நூல் மட்டும்தான்.

கடைக்காரத் தம்பி நன்றாகத்தான் பேசினார். “மேட்டூர்ல இப்ப பாஸ் நல்லா விழுதுங்ணா” என்று செல்போனில் ஒரு படம் காட்டினார். படத்தில் இருந்தது கொடுவா. உப்பங்கழி மீன். கடைகளில் ‘சீ பாஸ்’ என்று விற்பதும் அதைத்தான். ஸ்விம்பெய்ட்டை வைத்து அமெரிக்காக்காரர்களும் ஜப்பான்காரர்களும் ஏரிகளில் துரத்துகிற லார்ஜ்மௌத் பாஸ் வேறு குடும்பம். மேட்டூர்ப் பக்கம் பண்ணவாடியிலும் பூலாம்பட்டியிலும் நாம் எதிர்பார்ப்பது விரால், வாளை. படத்தைப் பார்த்ததுமே வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலு கணு வைத்த அந்த லூரைத் தம்பி கையில் பிடித்து ஆட்டியபோது அசல் மீன் மாதிரியே வளைந்தது. ஆசை யாரை விட்டது!

“ஸ்லோ சிங்க்குங்ணா. வீசிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்துகூட சுத்தலாம்.” தண்ணீரில் மெதுவாக மூழ்கும் வகை என்று அர்த்தம்.

பெட்டியில் ஜப்பான் பிராண்டின் பெயர், எடை 50 கிராம், ஸ்லோ சிங்க் எல்லாம் அச்சிட்டிருந்தது. எது இல்லை என்று நான் பார்க்கவில்லை. எம்.ஆர்.பி. இல்லை. எந்த நாட்டுத் தயாரிப்பு என்று இல்லை. இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி இல்லை. வெளிநாட்டுப் பொருளைப் பொட்டலமாக இங்கே விற்றால் இது மூன்றும் அதன்மேல் இருந்தே ஆக வேண்டும், சட்டம் அது. பில் கேட்டேன். ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டில் ‘லூர் 2, நூல் 1’ என்று எழுதிக் கொடுத்தார். செவ்வாய்ப்பேட்டையில் பாதி வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது என்று நானும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கெல்லாம் பண்ணவாடி. தண்ணீர் நன்றாக ஏறியிருந்த நேரம். இந்த இடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் மிச்சம் இங்கே அடியில் இருக்கிறது. கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும், வண்டி போட்டுக்கொண்டு கூட்டம் வரும். நந்தி தெரிகிறதென்றால் சுவர், கிணற்று மேடு, அடிமரம் எல்லாமும் அங்கேதானே கிடக்கும்? வறண்ட நாளில் அந்த அடிமரங்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் தலைமுடி சிக்கியது மாதிரி தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும், நடுநடுவே துருப்பிடித்த கொக்கி.

முதல் வீச்சு. நான் நின்ற இடத்துக்கு எதிரே ஆழம் எட்டடி இருக்கும். ஸ்லோ சிங்க் என்றால் தரை தொடப் பத்துப் பதினைந்து எண்ணலாம். நாலு எண்ணுவதற்குள் நூல் தொய்ந்துவிட்டது. தொய்ந்தால் லூர் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் வேகமாக எண்ணிவிட்டேன் போல என்று மறுபடி வீசினேன். அதே கதை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும், அது என் தப்பு. மூன்றாவது வீச்சில் ‘கட்’டென்று நின்றது.

ராடை (தூண்டில் கோலை) தூக்கி வெட்டி இழுத்தேன். அதுவும் தப்பு. மாட்டிய லூரை எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு ஆழமாகக் கொக்கி இறங்கும். நூலைத் தொய்ய விட்டு, கரையோரமாகவே இருபது முப்பதடி நடந்து எதிர்ப்பக்கம் போய் மெல்லச் சுண்டிப் பார்க்க வேண்டும். மாட்டிய வழியே லூர் திரும்பி வந்தால் பாதி தடவை கழன்றுவிடும். இதெல்லாம் எனக்கு நினைவு வந்தது நூல் அறுந்த பிறகு. முடிச்சில் அறுந்திருந்தால் என் முடிச்சு சரியில்லை என்று சொல்லலாம். ராடு நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி அறுந்தது. லூரோடு முப்பது மீட்டர் நூலும் போச்சு. கையில் மிஞ்சிய நுனி பஞ்சுத்திரி மாதிரி பிரிந்து நின்றது.

பக்கத்தில் வலை எடுத்துக்கொண்டிருந்த பரிசல்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “எவ்வளவு தம்பி அது?” என்றார். சொன்னேன். “அந்தப் பொம்மைக்கா?” என்று கேட்டவர் அதற்கப்புறம் சிரிக்கக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது லூரைச் சோதித்தேன். கடையிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. என் மச்சான் பனங்காட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், அவர் தராசு மில்லிகிராம் வரை காட்டும். 50 என்று அச்சிட்ட லூர் 71 கிராம் சொச்சம் நின்றது. என் ராடில் எழுதியிருக்கும், வீசக்கூடிய லூர் எடையின் உச்ச வரம்பு 56 கிராம். அதாவது அன்றைக்கு ராடு உடையாமல் வந்ததே என் நல்ல நேரம்.

பிறகு மாடியில் இருக்கும் நீலப் பிளாஸ்டிக் டிரம். தண்ணீர் உயரம் மூன்றடி. அமெரிக்காவில் பாஸ் தூண்டில்காரர்கள் பயன்படுத்தும் ஹட்டில்ஸ்டன் லூர்களில் ஆர்.ஓ.எஃப். என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், பத்து நொடியில் எத்தனை அடி மூழ்கும் என்பதற்கு. 5 என்றால் பத்து நொடிக்கு ஐந்தடி. அந்தக் கணக்கில் மூன்றடி டிரம்மில் அடி தொட ஆறு நொடி ஆகும். 12 போட்டதுகூட இரண்டரை நொடி எடுக்கும். என்னுடையது ஒன்றரை நொடியில் ‘டொக்’. மகன் செல்போனில் வீடியோ எடுத்தான். இறங்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்றாவது கணுவின் ஒட்டிலிருந்து சின்னச் சின்ன நீர்க்குமிழி வந்தது. உள்ளே தண்ணீர் ஏறுகிறது, அப்படியென்றால் வீச வீச இன்னும் கனக்கும்.

நூலுக்கும் ஒரு சோதனை. 40 பவுண்டு என்றால் 18 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாளியைக் கட்டித் தொங்கவிட்டு மக் மக்காக ஊற்றினேன். முடிச்சுப் போட்ட இடத்தில் கொஞ்சம் பலம் குறையும், பதினாலு வரை தாங்கினாலே மன்னித்திருப்பேன். எட்டாவது லிட்டரில் வாளி காலடியில். (சத்தம் கேட்டு மேலே வந்த வீட்டம்மா என்ன சொன்னார் என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை.)

கடைக்குப் போன் செய்தேன். “தண்ணியில போட்ட பொருளை எப்படிங்ணா திருப்பி எடுக்கிறது?” இன்னொன்று பெட்டியோடு புதுசாக இருக்கிறதே என்றேன். “அது டிரம்ல போட்டீங்கள்ல.” கடைசியில் ஒரு தவளை லூர் இலவசமாகத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1915-க்கு அழைத்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். முதல் கேள்வியே பில். எஸ்டிமேட் சீட்டோடு ஜிபே கட்டிய ஸ்கிரீன்ஷாட், பெட்டியின் ஆறு பக்கப் படம், டிரம் வீடியோ எல்லாம் கொடுத்திருக்கிறேன். இதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் இந்தக் கணு வைத்த பெரிய லூரைக் கரைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பது என் கருத்து. இரண்டு மும்முனைக் கொக்கி வயிற்றில் தொங்கிக்கொண்டு தரையைத் தேடிப் போகிறது. நாலு, ஐந்து அங்குல ரப்பர் ஸ்விம்பெய்ட், துடுப்பு வால் வைத்தது, ஒன்று நூறு ரூபாய்க்குள் முடியும். வயிற்றில் ஈயம் வைத்த ஒற்றைக் கொக்கியில் கோத்து முனையை ரப்பருக்குள்ளேயே மறைத்துவிட்டால் ஆகாயத் தாமரை, அடிமரம் எதிலும் சட்டென்று மாட்டாது. விராலும் கரையோரப் புல்லில்தானே நிற்கிறது, தூரமாக வீசி என்ன ஆகப் போகிறது? கரைக்கு இணையாக வீசுங்கள். கணு லூர்தான் வேண்டும் என்கிற பிடிவாதக்காரர்கள் மிதக்கிற வகையாக வாங்குங்கள்: மாட்டுகிற மாதிரி இருந்தால் சுற்றுவதை நிறுத்தினால் போதும், தானே மேலே வரும். கொக்கியை மட்டும் மெல்லிய கம்பியாக மாற்றுங்கள். நூல் அறுவதற்கு முன் கொக்கி நிமிர்ந்து லூர் கைக்கு வந்துவிடும். அப்போதும் பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரலை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள்.

பைக் மெக்கானிக்கிடம் பழைய ஸ்பார்க் பிளக் வாங்கி, வளையம் போட்டு நூல் வழியே கீழே விட்டு லூரைத் தட்டி எடுக்கிற வித்தை ஒன்று உண்டு. மதகுச் சுவர் மாதிரி செங்குத்தான இடத்தில் நன்றாக வேலை செய்கிறது. பண்ணவாடி மாதிரி சரிவான கரையில் பிளக் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

போன வாரம் ரப்பர் லூரோடு மறுபடி போனேன். அதே பரிசல்காரர் இருந்தார். தண்ணீர் இறங்கும்போது என் பொம்மை கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள் என்று கேட்டேன். இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே நீளமான தழும்பு. வலையில் மாட்டியிருந்த யாரோ ஒருவருடைய மும்முனைக் கொக்கி கிழித்ததாம்.

“கெடச்சா தரேன் தம்பி. கொக்கியெல்லாம் கழட்டிட்டுத்தான் தருவேன்.”

சரிங்க அண்ணா என்றேன்.