லண்டன் குளிர்காலமும் வீட்டு ஈரமும்: எக்ஸ்ட்ராக்டரா, டீஹியூமிடிஃபையரா, பி.ஐ.வி.யா?

நவம்பர் பிறந்துவிட்டால் லண்டனில் நம்மவர் வீடுகள் பலவற்றில் விடியற்காலை ஜன்னல் கண்ணாடி நனைந்து கிடக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சணம் படரும். கடையில் விற்கும் தெளிப்பான் கறையைத்தான் போக்கும். 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 12 டிகிரிச் சுவரில் பட்டாலே நீராகத் தொடங்கும். காற்றிலுள்ள அந்த நீராவி வெளியே போகாதவரை பூஞ்சணம் திரும்பத் திரும்ப வரும். (கூரை ஒழுகினாலோ மழைநீர் சுவருக்குள் இறங்கினாலோ கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.)

"வெளியே மழை, ஜன்னலைத் திறந்தால் இன்னும் ஈரமாகாதா?" என்று கேட்பவர்கள் நிறைய. ஆகாது. 5 டிகிரிக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 7 கிராம் நீராவிகூட நிற்காது. அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 40 சதவீதம்தான். சென்னை ஐப்பசி மழைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

என் முதல் ஓட்டு எக்ஸ்ட்ராக்டர் ஃபேனுக்கு. ஆவி வீடெங்கும் பரவும் முன்னே, பிறந்த இடத்திலேயே பிடித்து வெளியேற்றுவது அது மட்டும்தான். இங்கிலாந்துக் கட்டட விதிப்படி குளியலறை ஃபேன் நொடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும். சமையலறையில் அடுப்புக்கு மேலே என்றால் 30, வேறு இடத்தில் என்றால் 60. ஆனால் பல ஃபிளாட்களில் அடுப்புக்கு மேல் இருப்பது கரி வடிகட்டி வைத்த குக்கர் ஹூட்தான். அது மணத்தைக் குறைத்துவிட்டுக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும். புட்டும் இடியப்பமும் அவியும் வீட்டில் அதனால் பயனே இல்லை; குழாய் வெளியே போகிறதா என்று முதலில் பாருங்கள். குளியலறைக் கதவுக்கு அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் ஃபேனுக்கு இழுக்கக் காற்றே கிடைக்காது. ஓடும் ஃபேன் மீது ஒரு டிஷ்யூத் தாளை வையுங்கள். ஒட்டி நிற்காவிட்டால் தூசியைத் துடைக்க வேண்டும், அல்லது குழாய் நசுங்கியிருக்கிறது.

துணியை உள்ளே காயப்போடும் வீட்டுக்கு, காற்றின் ஈரத்தை நீராக்கிப் பிடிக்கும் டீஹியூமிடிஃபையர் பெரிய துணை. கதவைச் சாத்திய அறையில் ஓடவிட்டால், துணியிலிருந்து வரும் நீர் அதன் தொட்டியில் சேரும். சூடும் அறையிலேயே தங்கும். கம்ப்ரஸர் வகைக்கு மின்செலவு குறைவு, ஆனால் 15 டிகிரிக்குக் கீழே அது தளர்ந்துவிடும்; குளிர்ந்த அறைக்கு ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகைதான். இரண்டுமே புதுக்காற்றைக் கொண்டுவராது. ஆறேழு பேர் உறங்கும் வீட்டில் அது மட்டும் போதாது.

பி.ஐ.வி. (Positive Input Ventilation) என்ற கருவி கூரைக்கடிப் பரணிலிருந்து வடிகட்டிய காற்றை மெதுவாக வீட்டுக்குள் தள்ளும். பழைய காற்று இடுக்குகள் வழியே வெளியேறும். வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய டெரஸ் வீட்டுக்கு இது அருமை. மின்சாரமும் சொற்பம், ஹீட்டர் உள்ள மாடலை வாங்காதவரை. ஆனால் அது தள்ளும் காற்றால் ஜனவரியில் படிக்கட்டுப் பக்கம் குளிர் இறங்கும். சமையலறை ஃபேன் இல்லாத வீட்டில் இதை மட்டும் மாட்டினால் அரைகுறைதான்.

வெளியேறும் காற்றின் வெப்பத்தைப் புதுக்காற்றுக்கு மீட்டுத் தரும் எம்.வி.எச்.ஆர். காற்றோட்ட அமைப்பு இவற்றைவிட மேலானது. ஆனால் காற்றுப் புகாத வீடும் அறைதோறும் குழாயும் வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் யோசிக்கலாம்.

கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளில் இருப்பவர்கள் இதையெல்லாம் கைக்காசில் வாங்கும் முன் எழுத்தில் புகார் கொடுங்கள். வட இங்கிலாந்தின் ராச்டேலில் பூஞ்சணம் படர்ந்த ஃபிளாட்டில் வாழ்ந்து 2020இல் இறந்த இரண்டு வயது அவாப் இஷாக்கின் பெயரிலான சட்டம், 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. உடல்நலத்துக்குக் கேடான ஈரம், பூஞ்சணம் பற்றிப் புகார் வந்தால் 10 வேலை நாளுக்குள் கவுன்சிலோ அசோசியேஷனோ விசாரித்தாக வேண்டும். உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள்.