கிறிஸ்துமஸ் பீஃப் ரோஸ்ட்: ஓடிஜியா, குக்கரா, தோசைக்கல்மேல் வைத்த பாத்திரமா?

மூன்று கிறிஸ்துமஸுக்கு மூன்று விதமாக ரோஸ்ட் செய்து பார்த்துவிட்டேன். முதல் வருஷம் ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன், அடுத்த வருஷம் குக்கர், போன வருஷம் அடி கனமான பாத்திரத்தை அடுப்பில் வைத்து மணிக்கணக்காக. இனி எங்கள் வீட்டில் பாத்திரம்தான். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் குறைப்படக் கூடாது.

வறுவலுக்கு வெட்டுவதுபோல் துண்டு போட்டுச் செய்வதைப் பற்றி இங்கே பேசவில்லை. இரண்டு கிலோ கறியை முழுசாகச் சமைத்து, மேசையில் வைத்து அரிந்து பரிமாறுவது பற்றித்தான் பேச்சு. கறிக்கடையில் கேட்டபோதே, “முழுசாவாக்கா? வேகாதே!” என்றார் கடைக்காரர். அன்று அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கலாம்.

ஓடிஜி வாங்கியதற்கு என் கொழுந்தனார்தான் காரணம். பாரீஸிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர். “அண்ணி, ஓவன்ல வச்சு எடுத்தா போதும், உள்ள ரோஜா நிறத்துல இருக்கணும்” என்றார். சரி என்று பின்தொடைக்கறியில் உப்பு, மிளகு, வெண்ணெய் தடவி 200 டிகிரியில் வைத்தேன். வீடெல்லாம் மணம். மேல்தோல் பொன்னிறமாக மொறுமொறுவென்று வந்தது. அந்த விஷயத்தில் ஓடிஜியை எதுவும் ஜெயிக்க முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். கத்தியை வைத்தபோதுதான் தெரிந்தது. கத்தி இறங்கவில்லை, கறிதான் தட்டில் வழுக்கி நகர்ந்தது. வாயில் போட்டால் ரப்பர். மாமியார் ஒரு துண்டை மென்றுகொண்டே இருந்தார், விழுங்கின மாதிரி தெரியவில்லை. பிள்ளைகளோ “ரத்தம் வருது” என்று தட்டைத் தள்ளிவிட்டார்கள். அது ரத்தமில்லை, தசையிலிருக்கும் மயோகுளோபின் என்கிற சிவப்புப் புரதம் என்று சாப்பாட்டு மேசையில் விளக்கினால் யார் கேட்பார்கள்?

தப்பு ஓடிஜியில் இல்லை, என் கைப்பக்குவத்திலும் இல்லை. கறியில்தான் விஷயம். இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அந்த வெளிநாட்டுச் செய்முறையெல்லாம் இறைச்சிக்கென்றே வளர்த்த இளம் மாட்டை மனதில் வைத்து எழுதியது. அங்கே வெட்டிய பிறகு கறியைக் குளிரில் இரண்டு மூன்று வாரம்கூடத் தொங்கவிட்டுப் பதப்படுத்துவதுண்டு. நம் ஊர்க் கதை வேறு. புதுச்சேரியில் 1968-லிருந்தே பசுவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பசுவையும் கன்றையும் வெட்டக் கூடாது. காளை, எருது என்றால் 15 வயது தாண்டியிருக்க வேண்டும், இல்லை உழைப்புக்கோ இனவிருத்திக்கோ இனி உதவாது என்று சான்று வேண்டும். ஆக, நம் கைக்கு வரும் மாட்டுக்கறி ஆயுள் முழுக்க வண்டி இழுத்தோ ஏர் உழுதோ ஓய்ந்த மாட்டினுடையது. எருமைக்கறியும் பெரும்பாலும் வயதான உருப்படியிலிருந்துதான் வருகிறது. வயது ஏற ஏறத் தசைக்கு நடுவே ஓடும் சவ்வில் இருக்கிற கொலாஜன் என்கிற நார்ப்புரதம் பின்னி முறுக்கேறிவிடும். 55 டிகிரியில் ரோஜா நிறத்தோடு எடுத்தால் அது அசையாது. கறியின் உள்சூடு 70 டிகிரியைத் தாண்டி, அங்கேயே மணிக்கணக்காக நின்றால்தான் கரைந்து, விரலில் பிசுபிசுக்கும் ஜெலட்டினாக மாறும். அப்புறம்தான் கறி பூப்போல ஆகும்.

இதோடு இன்னொன்று. விடிகாலையில் வெட்டிய கறியை ஏழு மணிக்கு வாங்கி வருவதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். குழம்புக்கு அது சரி. ஆனால் வெட்டிய சில மணி நேரத்தில் தசை விறைத்துப்போகும், மாட்டுக்கறியில் அது தளர ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். அதனால் இப்போதெல்லாம் 22-ஆம் தேதியே வாங்கி, கிலோவுக்கு 15 கிராம் கணக்கில் உப்புத் தடவி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். எந்த முறையில் சமைத்தாலும் இதைச் செய்யுங்கள்.

குக்கர் விஷயத்தை நீட்ட ஒன்றுமில்லை. உள்ளே 120 டிகிரியை ஒட்டிச் சூடு ஏறுவதால் சவ்வு சீக்கிரம் கரையும், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும், கேஸும் மிச்சம். ஆனால் அத்தனை சூட்டில் தசை சுருங்கி இருந்த சாற்றையெல்லாம் பிழிந்துவிடுகிறது. அரிந்தால் துண்டாக நிற்காமல் நார்நாராக உதிர்ந்தது. ருசி குறையில்லை, பரோட்டாவுக்குப் பிரமாதம். முழுக்கறி என்று மேசையில் வைக்கத்தான் முகமில்லை.

இப்போது நம் பாத்திரம். கடையில் பின்தொடை கேட்காதீர்கள், முன்சப்பை கேளுங்கள். சவ்வு அதிகம், இந்த முறைக்கு அதுதான் சொத்து. பருத்தி நூலால் நாலு இடத்தில் இறுக்கிக் கட்டி, ஈரம் துடைத்து, எண்ணெயில் எல்லாப் பக்கமும் கருஞ்சிவப்பாகும்வரை கால் மணி நேரம் சிவக்க விட வேண்டும். ஓடிஜி தரும் அந்த மணத்தில் முக்கால்வாசி இதிலேயே வந்துவிடும். கறியை எடுத்துவிட்டு அதே எண்ணெயில் சின்ன வெங்காயம், முழுப்பூண்டு, பட்டை இலை, ஒரு கரண்டி வடகம். நம் வெங்காய வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ‘வடுவான்’ என்று கொண்டுபோய்ப் பெரிய ஓட்டல்களில் போடுகிறார்கள். பெரிய மார்க்கெட்டில் உருண்டையாகக் கிடைப்பதை உதிர்த்துப் போட்டாலே போதும். அப்புறம் இரண்டு ஸ்பூன் வினிகர், கறியின் கால்வாசி உயரத்துக்குத் தண்ணீர். இருப்பவர்கள் தண்ணீரில் பாதிக்குச் சிவப்பு ஒயின் ஊற்றலாம். புளிப்புச் சேர்வதால் அலுமினியமோ வெறும் இரும்போ வேண்டாம், எவர்சில்வர் நல்லது.

அடுப்பில் நேராக வைத்தால் அடிபிடிக்கும். சின்ன பர்னரில் பழைய தோசைக்கல்லைப் போட்டு, அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். மூடிமேல் அம்மிக் குழவி. தளதளவென்று கொதிக்கக் கூடாது. மூடியைத் திறந்தால் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் சோம்பலாக எழும்ப வேண்டும். மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டு மூன்றரை முதல் நாலு மணி நேரம். இரும்புக் குச்சியைக் குத்தினால் எதிர்ப்பில்லாமல் இறங்கும், அதுதான் பதம். இரண்டு கிலோ ஒன்றேகால், ஒன்றரைக்குச் சுருங்கும், ஆள்கணக்கைப் பார்த்து வாங்குங்கள்.

இதில் எனக்குப் பிடித்ததே நேரம்தான். 24-ஆம் தேதி பிற்பகலிலேயே சமைத்து ஆறவைத்து, சாற்றோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சம்பா கோயில் நடுராத்திரிப் பூசைக்குப் போகலாம். மறுநாள் குளிர்ந்த கறியை நாருக்குக் குறுக்கே அரிந்தால் கண்ணாடித்துண்டுபோல் வரும். சாற்றைத் தனியே சூடுசெய்து துண்டுகளை அதில் நனைத்து எடுத்து, நீட்டு ரொட்டியோடு வைத்தால் தீர்ந்தது. ஓடிஜி ரோஸ்ட் அப்படிக் காத்திருக்காது. எடுத்து இருபது நிமிஷத்துக்குள் அரிந்தாக வேண்டும், திரும்பச் சூடுசெய்தால் காய்ந்துவிடும். நாலு மணி நேரம் கேஸ் எரிகிறதே என்றால், ஆமாம், எரிகிறது.

அண்டர்கட் கிடைத்தால் மட்டும் கதை மாறும். முதுகெலும்பின் உள்பக்கத்தில் வேலையே செய்யாமல் கிடக்கும் தசை அது, கிழட்டு மாட்டிலும் மெத்தென்றுதான் இருக்கும். ஓடிஜி அதற்கென்றே பிறந்தது. நான் இரண்டே தடவைதான் செய்திருக்கிறேன். ஒரு தடவை அருமை, ஒரு தடவை கொஞ்சம் காய்ந்துபோயிற்று. அதனால் பெரிதாக அறிவுரை சொல்ல மாட்டேன், இறைச்சி தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர. உள்ளே 63 டிகிரி வந்ததும் எடுத்து சில நிமிஷம் ஆறவிட்டால் பயமில்லை. தெரிந்த பேக்கரியில் ரொட்டி போட்டு முடித்த விறகடுப்பில் தட்டை வைத்துத் தருவார்கள் என்று ஒருமுறை கொடுத்தேன். நன்றாகவே வந்தது, ஆனால் அது அவர்கள் கைராசி, என் கணக்கில் சேராது.

இந்த வருஷமும் கொழுந்தனார் வருகிறார். முன்சப்பை இரண்டரை கிலோவும், அவருக்கென்று தனியாக முக்கால் கிலோ அண்டர்கட்டும் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். ஓடிஜியைத் துடைத்து மேசைமேல் வைத்தாயிற்று. அந்த ரோஜா நிறத்தை அவரே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்.