1965–66 மஸ்டாங் 289: வருடக்கணக்கில் ஓட்டினால் தெரியவருவது

1964 ஏப்ரல் 17-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டின் மஸ்டாங் கார் அறிமுகமானபோது அடிப்படை விலை 2,368 டாலர். ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் பாகங்களை ஃபோர்டு எடுத்தாண்டதால்தான் அந்த விலை கட்டுப்படியானது. அந்தப் பூர்வீகம் இன்றும் ஓட்டுபவருக்குத் தெரியும். உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கிறது, கை வைக்க இடமிருக்கிறது. ஆனால் பிரேக் 289-க்கு, அதாவது 289 கன அங்குல (4.7 லிட்டர்) வி8 இன்ஜினுக்கு, ஈடுகொடுப்பதில்லை.

வாங்க வருபவர்கள் முதலில் பானட்டைத் திறக்கிறார்கள். பார்க்க வேண்டியது முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுச் சல்லடையை. அதில் விழும் மழைநீர் உள்ளே இருக்கும் தகரப் பெட்டி வழியாக இரு ஓரத்துக்கும் போய், மட்கார்டுக்குப் பின்னால் தரையில் வடிய வேண்டும். இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் தேங்கி, காற்று உள்ளே வரும் வட்டத் துளைகளின் விளிம்பைத் துரு தின்றுவிடும். பிறகு ஒவ்வொரு மழைக்கும் கார்பெட்டுக்கு அடியில் ஈரம், அடுத்து தரைத் தகடு. சோதிக்க ஒரு குடம் தண்ணீர் போதும்: சல்லடையின் இரு பக்கமும் மெதுவாக ஊற்றி, டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டினால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். மட்கார்டுகளைக் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்தெடுத்து, தகட்டை மாற்றுவதுதான் உண்மையான தீர்வு. மேலே பூசும் சீலன்ட் நிலைக்காது. இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம். அழுகிய உடல் அப்படியல்ல.

இந்த இரண்டு வருட மாடல்களிலும், பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967-ல் வந்த இரட்டை அறை சிலிண்டருக்கு மாறுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும், பெயின்ட்டுக்கும் முன்னால். நான்கு பக்கமும் டிரம் பிரேக் என்றால் மலையிறக்கத்தில் சூடேறிப் பிடி தளரும். முன்பக்கம் டிஸ்க் போடுபவர்கள் பின் டிரம்முக்கு அழுத்தம் குறைக்கும் வால்வையும் சேர்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அவசரமாக மிதிக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் திரும்பும்.

பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் கிரீச்சிடுவது மேல் சஸ்பென்ஷன் கை வறண்டதால். ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்கும் ஷாக் டவரின் இடுக்கில் நேரான கிரீஸ் நிப்பிள் எட்டாது. வளைந்த நிப்பிள் மாட்டினால் வேலை முடிந்தது.

289 உழைக்கும் இன்ஜின். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.017 அங்குலம். 7, 8 சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை, அடுத்தடுத்து எரிபவை. ஆகவே அவற்றின் பிளக் வயர்களை ஒட்டி ஓடவிடாதீர்கள், ஒன்றின் மின்சாரம் மற்றதில் பாய்ந்து இன்ஜின் தட்டும். டைமிங் செயினைத் தாங்கும் கேம் பல்சக்கரத்தில் நைலான் பற்கள் இருந்தால் ஓடுகிறதே என்று விட்டுவைக்கக் கூடாது. வயதானால் அவை உடைந்து எண்ணெய்த் தொட்டியில் விழுந்து, பம்ப்பின் சல்லடையை அடைக்கும். முழு உலோக செட் போடும்போதே தொட்டியையும் இறக்கிச் சுத்தம் செய்யுங்கள். பழைய துண்டுகள் அங்கேதான் கிடக்கும்.