மோட்டார் ஓடிய நேரம்: ஹவர் மீட்டரா, லோகோ ரிலேயா?

அபார்ட்மென்ட் போர்வெல் மோட்டார் மாதம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மட்டும் தெரிந்தால் போதுமா? ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவில் ஓடிய மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும் ஒரு ஹவர் மீட்டர் மாட்டிவிடலாம். இரண்டே வயர். பல மீட்டர்களில் கடைசி இலக்கம் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை நகரும். வாட்ச்மேன் நோட்டில் குறித்துவைப்பார். குறித்தால் சரி.

ஆனால் "ராத்திரி 2 மணிக்கு ஏன் ஓடியது?" என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அங்கேதான் சீமென்ஸ் லோகோ 8 மாதிரி, புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன ரிலே வேண்டும். அந்த புரோகிராமில் பதிவெழுதும் டேட்டா லாக் பிளாக்கைச் சேர்த்தால் மைக்ரோ எஸ்டி கார்டில் தேதி, நேரத்தோடு வரி வரியாக விழும். எக்செலில் திறந்து பார்க்கலாம். சிக்னல் ஆஃபிலிருந்து ஆனுக்கு ஏறும்போது மட்டுமே அது எழுதும் என்பதால், நிற்கும் நேரத்துக்குத் தனியாக ஒரு பல்ஸ் கொடுக்க வேண்டும்.

பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில். ரிலேயின் அவுட்புட்டையே பதிவு செய்துவிடுகிறார்கள். அதிகச் சுமையில் மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ட்ரிப் ஆகி மோட்டார் சும்மா கிடந்தாலும் லாக் "ஓடுகிறது" என்றே சொல்லும். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் துணைக் கான்டாக்டிலிருந்து இன்புட் எடுங்கள்.

விலையில் லோகோ பல மடங்கு. ஒற்றை மோட்டாருக்கு நான் மீட்டரே போடுவேன். இரண்டு மோட்டார் மாறி மாறி ஓடும் இடமென்றால் லோகோதான். மாற்றிவிடும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.