பழங்கலைப் பொருள் ஏற்றுமதி: இந்தியத் தடையும் பிரிட்டிஷ் உரிமமும்

காரைக்குடி பழம்பொருள் கடைகளில் இடித்த வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகள் வரிசையாகச் சாத்தி நிற்கும். ஒரே தச்சு மரபில் வந்த இரண்டு கதவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1905இல் செய்தது, மற்றது 1938இல் செய்தது. இரண்டாவதை உரிய சான்றிதழோடு வெளிநாட்டுக்கு அனுப்பலாம். முதலாவதை எந்தத் தனியாளும், எந்தக் கட்டணம் கட்டியும் அனுப்ப முடியாது. அதே வயதுள்ள ஒரு மர அலமாரி லண்டனில் இருந்தால், அதன் விலை வரம்புக்குள் இருக்கும்வரை யாரிடமும் கேட்காமல் கப்பலேற்றலாம். இரு நாடுகளும் தம் பாரம்பரியத்தைக் காப்பதாகவே சொல்கின்றன. ஆனால் சட்டம் கேட்கும் முதல் கேள்வியே வேறு. இந்தியா வயதைக் கேட்கிறது. பிரிட்டன் வயதோடு விலையையும், அதற்கு மேல் முக்கியத்துவத்தையும் கேட்கிறது.

இந்தியா: வயது தாண்டினால் தடை

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டு கண்ட நாணயம், சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பகுதி எல்லாம் அதன்படி தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் என ஏதேனும் ஒரு மதிப்பு உள்ள கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டே போதும். இவற்றை மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ மட்டுமே ஏற்றுமதி செய்யலாம். மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று ஆண்டு சிறை, அபராதம்; பொருளும் பறிமுதலாகும்.

பலர் தடுக்கி விழும் இடம் ‘உரிமம்’. தொல்பொருள் வியாபாரத்துக்கு இந்தியத் தொல்லியல் துறை தரும் உரிமம் உள்நாட்டில் வாங்கி விற்பதற்கு மட்டுமே. கடைக்காரர் அதைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்து, ‘லைசென்ஸ் உள்ள கடை, பில் இருக்கிறது, கொண்டுபோகலாம்’ என்று வாங்கும் வெளிநாட்டவரின் பொருள் விமான நிலையத்தில் நின்றுவிடும். பதிவுச் சான்றிதழும் அப்படித்தான். சிற்பம், பழைய ஓவியம், ஓவியங்களுள்ள சுவடி போன்ற சில வகைகளைப் பதிவு செய்தே ஆகவேண்டும். ஆனால் பதிவு என்பது பொருள் நாட்டுக்குள் யாரிடம் இருக்கிறது என்பதற்கான கணக்கு, வெளியே அனுப்ப அனுமதி அல்ல. இன்னும் சொன்னால், பதிவான பொருள் தொல்பொருள் என்பது அதிலேயே உறுதியாகிவிடுகிறது.

வயதைத் தாண்டிய இன்னொரு வகை கலைச் செல்வம். ரவி வர்மா, ரவீந்திரநாத் தாகூர், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில், நிகோலஸ் ரோரிச் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளை அரசு இப்படி அறிவித்திருக்கிறது. நூறு ஆண்டு ஆகாவிட்டாலும் இவை நாட்டைவிட்டுப் போகக் கூடாது. ஷெர்கில் 1937இல் வரைந்த ‘கதைசொல்லி’ 2023இல் இந்திய ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்கு விற்றது. வாங்கியவர் யாரானாலும் படம் இந்தியாவிலேயே இருக்கவேண்டும். எம்.எஃப். ஹுசைன் அந்த ஒன்பதில் இல்லை. அவரது 1954 ஓவியமான ‘கிராம யாத்திரை’ 2025இல் நியூயார்க்கில் ஏலம் போனதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

நூறு ஆகாத பொருளுக்குத் தேவைப்படுவது ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ். தமிழ்நாட்டுக்காரர்கள் தொல்லியல் துறையின் சென்னை அலுவலகத்தை அணுகவேண்டும். பொருள் என்ன, எதனால் ஆனது, அளவு என்ன என்ற விவரத்தோடும் தெளிவான படங்களோடும் விண்ணப்பித்து, பொருளை நிபுணர் குழுவிடம் காட்டவேண்டும். எது தொல்பொருள் என்பதில் துறைத் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எடுக்கும் முடிவே இறுதியானது. இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். படம் ஒரு பக்கம் மட்டும் எடுத்திருப்பார்கள். சிலையின் முதுகும் பீடத்தின் அடியும்தான் வார்ப்பு முறையையும் தேய்மானத்தையும் காட்டும் இடங்கள். சுவாமிமலையில் சென்ற ஆண்டு வார்த்த சிலைக்குப் பழமை வருவதற்காக ரசாயனப் பூச்சு கொடுத்து, பட்டறை ரசீதையும் தொலைத்துவிடுவார்கள். மூன்றாவது, கன்டெய்னர் தேதி குறித்த பிறகு விண்ணப்பிப்பது.

இந்தச் சான்றிதழே கடத்தலின் கருவியாகவும் ஆனது. பழைய செப்புத் திருமேனியைப் பார்த்துப் புதிதாக ஒன்றை வார்த்து, அதைக் காட்டிச் சான்றிதழ் வாங்கி, பெட்டிக்குள் பழையதை வைத்து அனுப்புவார்கள். தாளில் இருப்பதும் படத்தில் இருப்பதும் பொருந்தும். எடை பொருந்தாது. பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் சுங்கத்தில் இருந்தால்தான் சட்டம் வேலை செய்யும்.

பிரிட்டன்: விலையைத் தாண்டினால் காத்திருப்பு

அங்கே ஐம்பது ஆண்டு ஆன கலைப் பொருள் எல்லாமே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வரும். ஆனால் வரம்பு விலைக்குக் கீழே இருந்தால், தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லாத பொது உரிமமே போதும். எண்ணெய் ஓவியத்துக்கு வரம்பு 1,80,000 பவுண்டு; பிரிட்டிஷ் வரலாற்று மனிதரின் உருவப்படத்துக்கு 10,000; வேறு வகையில் வராத பெரும்பாலான பொருள்களுக்கு 65,000. பிரிட்டிஷ் மண்ணில் தோண்டி எடுத்த பொருளுக்கு வரம்பே கிடையாது, எதற்கும் தனி உரிமம் வேண்டும்.

வரம்பைத் தாண்டினால், கலைகளுக்கான அரசு அமைப்பான ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்தின் உரிமப் பிரிவுக்கு விண்ணப்பம் போகும். பெரும்பாலும் ஓர் அருங்காட்சியகக் காப்பாளர் நிபுணராக இருந்து 15 வேலை நாளுக்குள் கருத்துச் சொல்வார். அவர் கேட்பது, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை ஆராய அரசு அமைத்த வேவர்லி குழு 1952இல் வகுத்த மூன்று கேள்விகள்: நாட்டு வரலாற்றோடு இது பிரிக்க முடியாதபடி பிணைந்ததா? அழகியலில் தலைசிறந்ததா? ஏதேனும் ஒரு துறையின் ஆய்வுக்கு இன்றியமையாததா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் உரிமம் உடனே கிடைக்கும். ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்றால் மறுஆய்வுக் குழுவின் முன் போகும். குழு நியாய விலை ஒன்றைப் பரிந்துரைக்கும். அமைச்சர் முடிவைச் சில மாதங்கள் தள்ளிவைப்பார். அதற்குள் உள்நாட்டு வாங்குபவர், பெரும்பாலும் அருங்காட்சியகம், அந்த விலையைத் திரட்டவேண்டும். திரட்டினால் பொருள் தங்கும். முடியாவிட்டால் போய்விடும். கடந்த ஐம்பது ஆண்டுக்குள் பிரிட்டனுக்குள் வந்த பொருளை இந்தச் சிக்கல் பொதுவாகத் தொடுவதில்லை. அதனால் இறக்குமதித் தாள்களைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு வேலை பாதி முடிந்தது.

முறையின் பலமும் ஓட்டையும் ஒரே ஓவியத்தில் தெரிகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ‘ஓமாய்’ உருவப்படம் 2001இல் ஏலத்தில் சுமார் 1 கோடி பவுண்டுக்குப் போனது. ஏற்றுமதி தள்ளிவைக்கப்பட்டு, டேட் அருங்காட்சியகம் 1.25 கோடி திரட்டியபோது உரிமையாளர் விற்க மறுத்தார், உரிமமும் மறுக்கப்பட்டது. இரு தசாப்தம் கழித்து மறுபடி விண்ணப்பம் வந்தபோது விலை 5 கோடி. லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகமும் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகமும் 2023இல் பாதிப் பாதியாகப் போட்டு வாங்கின. ஊர் ஊராகப் பணம் திரட்டிய அருங்காட்சியகத்தை உரிமையாளர் கடைசி நேரத்தில் கைவிடும் வழியை அடைக்க, 2021 முதல் விற்பனை வாக்குறுதி சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒன்றாக்கப்பட்டது.

வேவர்லி கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இது எப்படி இங்கே வந்தது? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் அரியணை உடைக்கப்பட்டது. அதிலிருந்த பொன் புலித்தலைகளில் ஒன்றுக்கு 2021இல் 15 லட்சம் பவுண்டு விலை குறித்து, பிரிட்டனைவிட்டுப் போகாமல் தற்காலிகத் தடை போட்டார்கள். போரில் கவர்ந்த பொருளைக் கவர்ந்த நாட்டின் பாரம்பரியமாகக் கருதும் இந்த முறையை இந்தியா அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இத்தாலி, ஜப்பான் சுருக்கமாக

இத்தாலியில் எழுபது ஆண்டைக் கடந்து 13,500 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள, படைத்தவர் உயிரோடு இல்லாத பொருளுக்கு ஏற்றுமதி அலுவலகச் சான்று வேண்டும். கிடைத்தால் ஐந்து ஆண்டு செல்லும். ஆபத்து விண்ணப்பிப்பதிலேயே இருக்கிறது. மறுத்தால் பொருள் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்படும். அதன்பின் உள்நாட்டில் மட்டுமே விற்கலாம், விலை சரியும். அரசுக்கு அதைக் காசு கொடுத்து வாங்கும் கடமையும் இல்லை. நான்கில் உரிமையாளருக்கு மிகக் கடுமையானது இதுதான்.

ஜப்பான் வயதையும் விலையையும் விட்டுவிட்டுப் பட்டியலை நம்புகிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியப் பொக்கிஷம், முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தவை வெளியே போகக் கூடாது. மற்றவற்றைத் தாராளமாக அனுப்பலாம். பட்டியலில் இல்லை என்ற சான்றை அங்குள்ள பண்பாட்டு முகமை தருகிறது.

எது எதற்குப் பொருந்தும்

கோயில் திருமேனிகளுக்கு இந்தியாவின் முழுத் தடையே சரி. அவை விலைக்கு உரியவை அல்ல. வேவர்லி போல விலை குறித்துக் காத்திருப்பதே அவற்றுக்கு அவமதிப்பு. ஆனால் தடை மட்டும் எதையும் காக்கவில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர், சட்டம் முழு வலுவோடு இருந்த காலத்தில்தான் திருடிக் கடத்தப்பட்டார். 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2014இல் திரும்பி வரச் செய்ததில் பெரும் பங்கு, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்களுக்கு உண்டு. படமும் அளவும் எடுக்காத சிலைக்கு எந்தச் சட்டமும் துணை நிற்காது. ஜப்பானிடம் நாம் எடுக்கவேண்டியது இந்தப் பட்டியல் ஒழுக்கத்தை மட்டுமே. பதிவு வேலையே இன்னும் முடியாத நாட்டில் ‘பட்டியலில் இல்லாதது போகலாம்’ என்பது கொள்ளைக்குக் கதவு திறந்துவிடும்.

வீட்டுப் பொருள்களின் கதை வேறு. 1905 தேக்குக் கதவையும் சோழர் திருமேனியையும் ஒரே பிரிவில் வைத்திருப்பதால் அலுவலர் நேரம் கதவுகளில் போகிறது. உரிமையாளர்களோ பதிவுக்கே அஞ்சி ஒளிக்கிறார்கள். தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பிரிட்டிஷ் பாணி விலை வரம்பு ஒன்று வந்தால் துறை உண்மையான பொக்கிஷங்களைக் கவனிக்கலாம்.

இப்போது பெட்டி போய்ச் சேரும் இடத்திலும் சோதனை உண்டு. 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 250 ஆண்டு கடந்த தொல்லியல் பொருள் வர இறக்குமதி உரிமம் வேண்டும். 200 ஆண்டு கடந்து 18,000 யூரோவுக்கு மேலான பிற பல வகைகளுக்கு இறக்குமதியாளர் உறுதிமொழி தரவேண்டும். தோன்றிய நாட்டிலிருந்து முறைப்படி வெளியேறியதா என்பதே இரண்டிலும் மையக் கேள்வி. அமெரிக்காவும் 2024 ஜூலையில் இந்தியாவோடு பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தம் செய்துகொண்டது.

குடிபெயர்பவர் கவனிக்க இன்னொன்று: ‘தொல்பொருள் அல்ல’ சான்றிதழ் வனவிலங்குச் சட்டத்துக்குப் பதில் ஆகாது. பாட்டியின் தஞ்சாவூர் வீணையில் தந்த வேலைப்பாடு இருந்தால், வீணை எத்தனை ஆண்டுப் பழையது என்ற கேள்விக்கு முன்பே அது சுங்கத்தில் நிற்கும். தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கா என்பதைப் பெட்டி கட்டுவதற்கு முன்பே தெரிந்தவரிடம் காட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்.