பிசிஆரா, லாம்ப்பா? சோழவந்தான் வாழைக்கு எது?

சோழவந்தான் பக்கம் பக்கக்கன்று வாங்குகிறவர்கள் கிழங்கைத் திருப்பிப் பார்ப்பார்கள், அழுகல் இருக்கிறதா என்று சீவிப் பார்ப்பார்கள். வைரஸால் வரும் முடிக்கொத்து நோய் மட்டும் இந்தப் பார்வைக்குச் சிக்காது. நோய் ஏறிய தாய்மரத்தின் கன்றும் சில வாரம் பச்சையாகவே நிற்கும். நட்ட பிறகுதான் இலை குறுகி, உச்சியில் கொத்தாகக் கூடும். அதனால்தான் டிஎன்ஏ சோதனை. கண்ணுக்குத் தெரியாத அளவு வைரஸ் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் இரண்டு வழிகள்தான் பிசிஆரும் லாம்ப்பும்.

பிசிஆரில் முதல் தலைவலி வாழைச்சாறு. வேட்டியில் பட்டால் போகாத அந்தக் கறைக்குக் காரணமான பாலிபீனால், சோதனைக் குழாயில் டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியையும் முடக்கிவிடும். வைரஸ் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரும். ஆகவே டிஎன்ஏவைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு 95, 55, 72 டிகிரி என்று ஏற்றி இறக்கி 30, 35 சுற்று, பெருகியதா என்று பார்க்கக் கடைசியில் ஜெல்லில் ஓட்ட வேண்டும். அரை நாள் ஓடிவிடும்.

2000-இல் ஜப்பானியர்கள் வெளியிட்ட லாம்ப் முறைக்கு 60–65 டிகிரிக்குள் ஒரே சூடு போதும். ஒரு மணி நேரத்துக்குள் குழாயில் நிறம் மாறும். வாழைக்கறையையும் ஓரளவு தாங்கும். தோட்டத்துப் பக்கத்திலேயே பார்க்க என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் வேலை முடிந்த குழாயை ஒருமுறை திறந்துவிட்டால் போதும், அறை முழுக்க டிஎன்ஏ தூசி; அடுத்து வைக்கிற நல்ல கன்றுக்கும் 'நோய்' என்று காட்டும். கை சுத்தமில்லாதவருக்கு பிசிஆரே மேல். நூற்றுக்கணக்கில் மாதிரி என்றால், டிஎன்ஏவை விட்டு வைரஸின் புரதத்தை ஆன்டிபாடியால் (அதில் மட்டும் ஒட்டும் புரதம்) கண்டுபிடிக்கும் எலிசா மலிவு. வைரஸ் குறைவாக இருக்கும் இளங்கன்றில் கோட்டை விடும்.

பூவன் போட்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். இலையில் கோடு கோடாக விழவைக்கும் வாழைக் கீற்று வைரஸ் வேறொன்று; அதன் டிஎன்ஏ, பூவன் போன்ற ரகங்களில் காட்டுவாழையிடமிருந்து வந்த 'பி' மரபுத்தொகுதிக்குள்ளேயே ஒட்டிக் கிடக்கும். நோயே இல்லாத மரத்திலும் பிசிஆர் 'உண்டு' என்று சொல்லும். லாம்ப்பும் இதே பொய்யைத்தான் சொல்லும். ஆன்டிபாடியால் வைரஸ் துகளை முதலில் பிடித்துவைத்து, செடியின் டிஎன்ஏவைக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகு பிசிஆர் ஓட்டினால்தான் நம்பலாம். ஜி9 வாழையில் 'பி' தொகுதியே இல்லை. இந்தக் குழப்பமும் இல்லை.

தேமல் வைரஸின் மரபுப்பொருள் டிஎன்ஏ இல்லை, ஆர்என்ஏ. அதை டிஎன்ஏவாக மாற்றிக்கொண்டுதான் இரண்டு முறையிலும் பார்க்க முடியும். பூஞ்சையால் வரும் ரஸ்தாளி வாடலில் வேறு சிக்கல்: செத்த பூஞ்சையின் டிஎன்ஏவும் 'உண்டு' என்றே காட்டும். உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, தட்டில் வளர்த்துப் பார்க்கும் பழைய வழிதான்.

எந்த முறையானாலும் மாதிரி சரியாக இருக்க வேண்டும். முடிக்கொத்து வைரஸ் செடிக்குள் உணவைக் கடத்தும் திசுவில்தான் தங்கும். குருத்தை ஒட்டிய இளம் இலையின் நடுநரம்பைத்தான் வெட்ட வேண்டும். காய்ந்த அடியிலையை உருவிக்கொண்டு திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்துக்குப் பஸ் ஏறினால், டிக்கெட் காசுக்குப் பிடித்த கேடு.